பந்தல் பிரித்த பிறகு: விழாக்குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் தெரு விழா, பொங்கல் விழா, மருத்துவ முகாம், நூலக நாள், இலவசக் கச்சேரி என்று பொதுமக்களுக்காக எதையாவது நடத்துகிற குடியிருப்போர் சங்கங்களோடும் இளைஞர் மன்றங்களோடும் பல வருடமாக வேலை செய்கிறேன். நிகழ்ச்சிக்கு முன்னால் மதிப்பீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து, நன்கொடை கொடுத்தவர் "எப்படிப் போச்சு?" என்று விசாரித்த பிறகுதான் எனக்குப் போன் வரும். அந்தப் போன்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும், நான் சொல்லிவரும் பதில்களும் இவை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இதற்கு மேல் மதிப்பீடு எதற்கு?

"நல்லபடியாக" என்று சொல்வது யார் என்று முதலில் பாருங்கள். முன்வரிசை நாற்காலியில் இருந்தவர் பார்த்த விழா ஒன்று. கடைசி டியூப் லைட்டுக்கு அடியில் இடுப்பில் குழந்தையோடு நின்றவர் பார்த்த விழா வேறு. நமக்குப் பொன்னாடை போர்த்துகிறவர்கள் எல்லோரும் முதல் விழாவைப் பார்த்தவர்கள்.

சில வருடங்களுக்கு முன் வடசென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை முகாம் போட்டோம். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்காகவே யோசித்த முகாம். காலை ஒன்பதுக்குள் டோக்கன் தீர்ந்துவிட்டது. "டோக்கன் முழுவதும் வழங்கப்பட்டது" என்று அறிக்கையில் எழுதி, எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம். நாலு நாள் கழித்து அதே தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா சொன்னார்: "ஆறு மணிக்கே வந்து நின்னவங்க எல்லாம் வேற ஏரியாக்காரங்க தம்பி. எங்க தெருப் பொம்பளைங்க ரெண்டு வீட்டுல பாத்திரம் தேச்சுட்டுப் பத்து மணிக்குத்தான் வர முடியும். வந்தா, தீர்ந்துபோச்சுன்னுட்டீங்க." யாருக்காக முகாம் போட்டோமோ அவர்களில் பெரும்பாலோர் உள்ளேயே வரவில்லை. எங்கள் அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

மதிப்பீட்டுக்கு எப்போது உட்கார வேண்டும்?

அன்று இரவே கொஞ்சம், மூன்று நாளுக்குள் முழுதாக, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை.

அன்று இரவு விவாதம் வேண்டாம். எல்லோரும் களைத்திருப்பார்கள், ஒரு சொல் தவறினால் மனஸ்தாபம். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு தன்னார்வலரும் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதும்: நான் எங்கே நின்றேன், என்ன பார்த்தேன், எதற்கு அலைந்தேன். "ஏழேகாலுக்கு வாட்டர் கேன் தீர்ந்துபோச்சு, அடுத்தது வர எட்டாயிடுச்சு" என்பது போன்ற தகவல் அந்த இரவில்தான் கிடைக்கும். ஒரு வாரம் போனால் அது "தண்ணி கொஞ்சம் லேட்" ஆகிவிடும். இன்னும் ஒரு வாரம் போனால் மறந்தேவிடும்.

நோக்கம் என்று எதையும் எழுதி வைக்கவில்லையே, எதை வைத்து அளப்பது?

எழுதியிருக்கிறீர்கள், கவனிக்கவில்லை. நன்கொடை கேட்டுப் போட்ட கடிதம், காவல் நிலையத்தில் கொடுத்த அனுமதி மனு, வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸ் மூன்றையும் எடுத்து மேஜையில் வையுங்கள். "நம் பகுதிக் குழந்தைகள் மேடையேறும் வாய்ப்பு" என்று நோட்டீஸில் இருந்தால், எத்தனை குழந்தைகள் ஏறினார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் என்று எண்ணுங்கள். வாக்குக் கொடுத்ததை வைத்து அளப்பதுதான் நியாயமான அளவு.

கூட்டத்தை எப்படி எண்ணுவது? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பவர், தன் அலுவலக ஜன்னலுக்குக் கீழே கூடிய மாணவர் கூட்டத்தைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். இடத்தின் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கை நீட்டினால் அடுத்தவரைத் தொடும் அளவு தளர்வான கூட்டமென்றால் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமென்றால் 4.5, இடித்துக்கொண்டு நிற்பதென்றால் 2.5. வகுத்தால் தலைக்கணக்கு வந்துவிடும்.

நம் தெருவுக்கே போட்டுப் பாருங்கள். 30 அடி அகலத் தெருவில் 200 அடியை அடைத்து விழா நடத்தினால் 6,000 சதுர அடி. மேடை, கடைகள், ஓரத்தில் நிற்கும் வண்டிகள் என்று 2,000 போனால் மிச்சம் 4,000. தளர்வாக நின்றால் 400 பேர், நெருக்கமாக நின்றால் சுமார் 890 பேர். இந்தத் தெருவில் ஒரே நேரத்தில் ஐயாயிரம் பேர் நிற்க முடியாது. ஆனால் பேனரிலும் மறுநாள் ஃபேஸ்புக்கிலும் ஐயாயிரம்தான் இருக்கும்.

ஒரே நேரத்தில் நின்றவர் எண்ணிக்கையும் மாலை முழுக்க வந்துபோனவர் எண்ணிக்கையும் வேறு வேறு. இரண்டாவதற்கு நுழையும் வழி ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று, மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் எண்ணி, ஆறால் பெருக்கினால் அந்த மணிக்கான கணக்குக் கிடைக்கும். பஜ்ஜி வாங்கப் போய்த் திரும்பி வருகிறவரை இரண்டு முறை எண்ணிவிடுவோம், அது பரவாயில்லை. எப்படி எண்ணினோம் என்பதையும் அறிக்கையில் எழுதிவிட்டால் அடுத்த வருடம் அதே மாதிரி எண்ணி ஒப்பிடலாம்.

இந்தக் கணக்கு பாதுகாப்புக்கும் உதவும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் கூட்டம் தன் காலால் நடக்காமல், தள்ளப்பட்டு நகரும் ஆபத்து உண்டு. ஜேக்கப்ஸ் சொன்ன 2.5 சதுர அடி கிட்டத்தட்ட அந்த எல்லைதான். உங்கள் புகைப்படங்களில் அப்படி ஒரு மூலை தெரிந்தால், யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

கூட்டம் நிறைய வந்தாலே வெற்றிதானே?

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். காலை 11 மணியிலிருந்து 1 மணி வரை, உச்சி வெயிலில், கடற்கரை கொள்ளாத கூட்டம். வானத்தில் நடந்தது கண்கொள்ளாக் காட்சிதான். தரையில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயில், தாகம், வெளியே வர வழியில்லாத நெரிசல் என்று அங்கிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் சொன்னார்கள். வேளச்சேரி, சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. பெருங்கூட்டத்துக்குச் சோதனை வருவது கலைகிற நேரத்தில்தான். வரும்போது ஆறு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறவர்கள், போகும்போது அரை மணியில் ஒன்றாகக் கிளம்புகிறார்கள்.

உங்கள் விழா சின்னதாக இருக்கலாம். ஆனாலும் "கடைசி ஆள் எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தார்?" என்ற கேள்வியை மதிப்பீட்டில் வையுங்கள். ஒன்பதே முக்காலுக்குக் கச்சேரி முடிந்து, அந்த வழியில் கடைசிப் பேருந்து ஒன்பதரைக்கே போய்விட்டதென்றால், தூரத்திலிருந்து வந்தவர்கள் பாதியில் எழுந்து போனதற்குப் பாடகர் காரணமில்லை.

க்யூஆர் குறியீடு ஒட்டிக் கருத்துப் படிவம் வைத்தோம். 92 பேர் நிரப்பினார்கள், எல்லோருமே "மிக நன்று". இது போதாதா?

போதாது. அதை நிரப்பியவர்கள் ஸ்மார்ட்போனும் டேட்டாவும் பொறுமையும் உள்ளவர்கள், கடைசிவரை இருந்தவர்கள், பெரும்பாலும் உங்கள் நண்பர்கள். அலுத்துப்போய் எழுந்து போனவர் அந்தக் குறியீட்டைப் பார்த்தே இருக்கமாட்டார்.

இன்னொன்று, நம் ஊரில் முகத்துக்கு நேரே "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சுங்க" என்றுதான் பதில் வரும். அது மரியாதை. தகவல் வேண்டுமென்றால் நடந்ததைக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு வந்தீங்க? எப்பக் கிளம்புனீங்க, ஏன் அப்ப? யாரோட வந்தீங்க? வீட்டுல யாரெல்லாம் வரல? மேடையில பேசினது நீங்க நின்ன இடத்துல கேட்டுச்சா? தண்ணி எங்க குடிச்சீங்க? அடுத்த தடவை பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வருவீங்களா?

"ஏன் அப்பக் கிளம்புனீங்க?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் நான் கேட்ட பதில்களை வைத்து ஒரு விழாவையே திருத்தி அமைக்கலாம். "மாமியாருக்கு மாத்திரை கொடுக்கணும்." "பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரியல." "தலைவர் பேச ஆரம்பிச்சாரு."

கேட்கிற இடம் முக்கியம். மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம், பேருந்து நிறுத்தத்தில், டீக்கடையில், வெளியே போகும் வழியில். கேட்பவர் சட்டையில் விழாக்குழு பேட்ஜ் இருக்கக் கூடாது. வெளியே போகிறவர்களில் ஐந்தாவது ஆள், பத்தாவது ஆள் என்று வரிசைப்படி நிறுத்துங்கள். இல்லையென்றால் சிரித்த முகமாக வருகிறவர்களையே நம் கை தேடிப் போகும். இப்படி நாற்பது பேரிடம் நிதானமாகப் பேசியது நானூறு படிவங்களைவிட மேல்.

படிவத்தில் போன் நம்பர் வாங்கலாமா?

தேவையில்லாமல் வாங்காதீர்கள். எதற்காக என்று சொல்லி, சம்மதம் பெற்று, அந்த வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், மருத்துவ முகாமில் கொடுத்த எண்ணுக்கு மறு வாரம் ரியல் எஸ்டேட் அழைப்பு வந்தால் அந்தத் தெருவில் உங்களை யார் நம்புவார்கள்?

வந்தவர்களைத் தவிர வேறு யாரைக் கேட்க வேண்டும்?

இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துகிறேன். மைக் செட்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கார அம்மா, டீக்கடைக்காரர், ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் எதிர் வீடு, பந்தோபஸ்துக்கு நின்ற காவலர், ஆடிவிட்டுப் போன கலைஞர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூய்மைப் பணியாளர்கள்.

ஒரு பொங்கல் விழாவுக்கு மறுநாள் காலை ஐந்தரை மணி. தெரு விளக்கு இன்னும் அணையவில்லை. கூட்டுகிற அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குவித்து வைத்திருந்த பாக்குமட்டைத் தட்டுகளில் நாலைந்தை விரலால் நகர்த்திக் காட்டினார். "பாருங்கண்ணா, எல்லாத்துலயும் பிரிஞ்சி பாதி பாதியா நிக்குது. அள்ளின விரல் தடம் பாருங்க, எல்லாம் சின்னப் பசங்க. தயிர்சாதம் ஒரு பருக்கை இல்ல." பரிமாறியவர்கள் பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒரே கரண்டி, ஒரே தட்டு. எட்டு மணிக்குச் சாப்பாடு தீர்ந்து, பின்னால் வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு போனதற்குக் காரணம் அந்தக் குப்பைக் குவியலில் இருந்தது. கேட்டரிங்காரர் அளவு குறைத்துவிட்டார் என்று அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த வருடம் பிள்ளைகளுக்குச் சின்னத் தொன்னை வைத்தோம். அதே அளவு அரிசியில் கடைசி வரிசைவரை சாப்பிட்டார்கள்.

குப்பையை அளப்பது எப்படி?

மூட்டை எண்ணுங்கள்: மக்கும் குப்பை எத்தனை, மக்காதது எத்தனை. ஒரே மூட்டையில் கலந்திருந்தால் அதுவே ஒரு முடிவு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியென்றால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை அமைப்பாளர் மேலேயே வைத்தன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மறுநாள் தெருவில் எத்தனை பிளாஸ்டிக் கப் கிடந்தது என்று எழுதினாலே அடுத்த முறை கடைக்காரர்களிடம் என்ன பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சத்தம் பற்றி யாரும் புகார் சொல்லவில்லையே?

புகார் சொன்னால் தெருவில் கெட்ட பெயர் வரும் என்று பேசாமல் இருப்பார்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்து ஐந்து வீடுகளில் நீங்களே போய்க் கேளுங்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் எல்லை என்பதெல்லாம் 2000ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. பத்து மணிக்கு நிறுத்தினோமா, பத்தேகாலுக்கா என்பதை மைக் செட்காரரிடம் கேட்டு எழுதுங்கள், உங்கள் நினைவிலிருந்து வேண்டாம்.

சக்கர நாற்காலியில் ஒருவரும் வரவில்லை. அப்படியென்றால் சாய்தளம் தேவையில்லைதானே?

ஒருவரும் வரவில்லை என்றால் வர முடியவில்லை என்று படியுங்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைக்குப் பக்கம்வரை போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தபோது, இத்தனை வருடம் இந்த ஊரிலேயே இருந்தும் கடலைத் தொடாதவர்கள் வந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அந்தப் பாதை சேதமானபோதுதான், அதற்காகக் காத்திருந்தவர்கள் எவ்வளவு பேர் என்பது பலருக்கு உறைத்தது. பெண்கள் சீக்கிரம் கிளம்புவதும் இதே கதைதான். கழிப்பறை எவ்வளவு தூரம், விளக்கு இருந்ததா, தண்ணீர் வந்ததா என்று பாருங்கள். அதை ஒரு பெண் தன்னார்வலர் எட்டு மணிக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

ஆய்வுக் கூட்டம் போட்டாலே சண்டை வருகிறது. என்ன செய்வது?

நாலு கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். என்ன நடக்க வேண்டுமென்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்து என்ன செய்வோம்? அமெரிக்க ராணுவம் பயிற்சிகளுக்குப் பிறகு உட்கார்ந்து பேச உருவாக்கிக்கொண்ட முறை இது. ராணுவத்திலேயே அந்தக் கூட்டத்தில் பதவி பார்க்காமல் பேச வேண்டும் என்பது விதி.

நமக்கும் அங்கேதான் சிக்கல். மூத்தவர் முதலில் பேசிவிட்டால், பிறகு எல்லோரும் "அண்ணன் சொன்னதுதான்" என்று முடித்துவிடுவார்கள். அதனால் வயதில் சின்னவர் முதலில், செயலாளர் கடைசிக்கு முன், தலைவர் கடைசி. வாய்ஸ் மெசேஜ்களை முன்பே ஒருவர் கேட்டு, பெயர் இல்லாமல், நேரத்தை மட்டும் போட்டு எழுதி வந்து படிக்கட்டும். "யார் தண்ணிக்குப் பொறுப்பு?" என்று ஆரம்பித்தால் சண்டை. "ஏழேகாலிலிருந்து எட்டு வரை தண்ணி இல்ல, அடுத்த கேனுக்கு எத்தனை மணிக்குச் சொல்லணும்?" என்று ஆரம்பித்தால் வேலை நடக்கும்.

வரவு செலவு சரியாக இருந்தால் போதுமா?

மிச்சமா பற்றாக்குறையா என்பதோடு, கடைசியாகப் பணம் கிடைத்தவர் யார், எத்தனை நாள் கழித்து என்பதையும் எழுதுங்கள். பறை அடித்தவர்களும் கரகம் ஆடியவர்களும் இரவு பதினோரு மணிக்கு வேன் பக்கத்தில் அலங்காரம் கலைக்காமல் சம்பளத்துக்கு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சவுண்டுக்கும் பந்தலுக்கும் முன்பணம் கொடுத்திருப்போம், கலைஞருக்கு "நாளைக்கு ஜிபே பண்றோம்" என்போம். இது மதிப்பீட்டில் முதல் பக்கத்துக்கு வர வேண்டிய குறை. கணக்கைத் தெரு முனையில் ஒட்டிவிடுங்கள், பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும்.

மழையால் பாதியில் நின்றுபோன நிகழ்ச்சிக்கும் மதிப்பீடு உண்டா?

உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் திறந்தவெளி நிகழ்ச்சி வைத்தால் மழை எதிர்பார்த்ததுதான். நிறுத்துவது என்று எப்போது முடிவெடுத்தோம், மக்களுக்கு எப்படித் தெரிந்தது, மின் இணைப்பை யார் துண்டித்தார், கலைஞருக்கு முழுச் சம்பளம் போனதா. இந்த நாலும் போதும்.

நீண்ட காலப் பலனை எப்படிப் பார்ப்பது?

கண் முகாம் என்றால் மூன்று மாதம் கழித்து, கண்ணாடி எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், புரை என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை ஆனது என்று போய்ப் பாருங்கள். நூலக நாள் என்றால் புதிய உறுப்பினர் எண்ணிக்கையைப் போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கலை விழாவுக்கு எண் கிடைப்பது கஷ்டம். 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலை விழா தொடங்கியபோது, சபாவிலேயே கேட்டுப் பழகிய கர்நாடக சங்கீதம் மீனவர் குப்பத்துக்கு வந்தது. அப்படிப்பட்ட முயற்சியை நாற்காலிக் கணக்கால் அளக்க முடியாது. உங்கள் விழாவிலும் கேளுங்கள்: உள்ளூர்க்காரர்கள் நிகழ்ச்சியைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தார்களா, நாற்காலி தூக்கும் இடத்தில் மட்டும் இருந்தார்களா? போன வருடம் தூக்கியவர் இந்த வருடம் குழுவில் இருக்கிறாரா?

நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் குறைகளையும் எழுதலாமா?

எழுதுங்கள். குறையும் அதற்கான திருத்தமும் எழுதி அனுப்பியவர்களை விட்டு நன்கொடையாளர் போனதாக என் அனுபவத்தில் இல்லை.

எழுதியதை எங்கே வைப்பது?

ஒருவர் போனில் வேண்டாம், அவர் வீடு மாறினால் விழாவின் நினைவும் மாறிப் போய்விடும். ஒரு லாங் சைஸ் நோட்டு, சங்க அலுவலகத்தில். அடுத்த விழாவின் முதல் கூட்டத்தில் போன வருடப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.

குறை சொன்னவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம், அதுவும் நேரில் போய். அந்தக் கண் முகாமுக்குப் பிறகு நாங்கள் நேரத்தை மாலைக்கு மாற்றினோம், பாதி டோக்கனை அந்தத் தெருவுக்கே ஒதுக்கி முந்தின நாளே வீடு வீடாகக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். இஸ்திரி வண்டிக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். பெட்டியில் கரி போட்டுக்கொண்டே கேட்டவர், நிமிர்ந்து, "ஞாயித்துக்கிழமை சாயங்காலமா? வேணாம் தம்பி. அன்னிக்குத்தான் தண்ணி லாரி வரும், ஒருத்தியும் குடத்தை விட்டு நகர மாட்டா" என்றார். சனிக்கிழமைக்கு மாற்றினோம்.